சைலோவுக்குப் பின்னால் இருந்த சந்தை

மொன்றியல் பழைய துறைமுகத்தின் மேற்கு முனையில், லாஷீன் கால்வாய் செயின்ற் லோறன்ஸ் நதியோடு சேரும் இடத்தருகே, ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு தானியக் கிடங்கு நிற்கிறது. ஐந்தாம் எண் சைலோ. 1903 தொடக்கம் 1958 வரை பகுதி பகுதியாகக் கட்டி நீட்டினார்கள். 1990களின் நடுவில் கைவிட்டார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு மாவாலை. அதன் கூரையில் ‘ஃபரீன் ஃபைவ் றோஸஸ்’ என்ற சிவப்பு எழுத்துகள் இரவு முழுவதும் எரிந்தணைகின்றன. இந்த நகரத்துக்கு வந்துசேர்ந்த எங்களில் பலருக்கு மொன்றியலின் முதல் அடையாளம் அந்த எழுத்துகள்தான்.

கோதுமை மா எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறையே பாணிலும் கோதுமைமாப் புட்டிலும் வளர்ந்தது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. விளையாத தானியத்தைக் கப்பலில் இறக்கி, 1980 முதல் திருகோணமலையில் சீனன்குடாக் கரையில் உள்ள பிரிமா ஆலையில் அரைத்து, தீவு முழுவதும் அனுப்பினார்கள். குரக்கனும் சாமையும் வரகும் தோட்டத்திலிருந்து முதலில் போயின, பிறகு நாக்கிலிருந்தும் போயின. மொன்றியலின் கோதுமை பெரும்பாலும் ஐரோப்பாவுக்குப் போனது. போன திசை வேறென்றாலும் முறை ஒன்றுதான். ஓரிடத்து மண்ணில் இருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தானியமாகி, கப்பலேறி, இன்னொரு கண்டத்தின் சாக்கடை வழியே கடலில் கலக்கின்றன. விளைந்த வயலுக்கு அவை திரும்பி வருவதில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் உரமூட்டை வருகிறது. பொட்டாசு உரத்தை உலகிலேயே மிக அதிகமாக உற்பத்தி செய்யும் நாடு கனடா என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கவேண்டும். தானியத்தையும் அனுப்பி, தானியம் எடுத்துப்போன சத்தையும் தோண்டி அனுப்புகிற நாடு இது.

1920களில் உலகின் முதன்மையான தானியத் துறைமுகமாக மொன்றியல் இருந்தது. அன்றைக்கு நதிக்கரையில் உயர்ந்து நின்ற இரண்டாம் எண் சைலோவின் படத்தை, கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே 1923இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலில் சேர்த்தார். புதிய யுகத்தின் வடிவம் அதில் அவருக்குத் தெரிந்தது. எனக்கு அந்தச் சைலோ நின்ற இடம்தான் முக்கியம். அது பொன்செகூர் சந்தைக்கு நேர் முன்னால் நின்றது. 1847இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தைக்குத்தான் சுற்றுப்புறக் கமக்காரர் வண்டிகளில் கிழங்கும் முட்டையும் கீரையும் கொண்டுவந்தார்கள். நூற்றாண்டுக்கு மேலாக நகரத்தின் அடுப்புகளை எரியவைத்த சந்தை அது. நதியிலிருந்து பார்க்கிறவனுக்கு அதை மறைத்து நின்றது, கண்டங்களுக்குத் தானியம் அனுப்பும் கொங்கிறீற்று மலை. சந்தை 1963இல் மூடப்பட்டது. சைலோ 1978இல் இடிக்கப்பட்டது. இப்போது வெள்ளிக்குவிமாடம் நதியிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. உள்ளே மரக்கறி இல்லை.

துறைமுகத்தின் கதையில் இன்னொரு இழப்பையும் சொல்லாமல் விடமுடியாது. பெருங்கப்பல்கள் மொன்றியலைத் தாண்டி உள்நாட்டு ஏரிகளுக்குப் போகவென்று 1959இல் திறக்கப்பட்ட கடல்வழிக்காக, நதிக்கு அக்கரையில் உள்ள கானவாகே மொஹோக் மக்களின் நதிக்கரை அவர்கள் எதிர்ப்பையும் மீறிப் பறிக்கப்பட்டது. சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டு, ஒன்றுக்கு ஒன்று கொடியேறவும் நிழலாகவும் சத்தாகவும் விட்ட இரோக்குவா மரபினரின் நிலம் இது. 1535இல் பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்ற்றியே மொன்றியல் தீவில் ஏறியபோது ஓஷெலாகா ஊரைச் சுற்றிச் சோள வயல்களைத்தான் கண்டார். ‘உள்ளூர் உணவு’ என்று இன்று இந்த நகரம் பேசும்போது, அந்தப் பேச்சு அங்கிருந்து தொடங்கவேண்டும்.

ஒரு பழத்தின் கதை இதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லும். மொன்றியல் மெலன் என்றொரு முலாம்பழம் இருந்தது. பச்சைச் சதை, சாதிக்காய் வாசனை, ஒரு பழமே பல கிலோ. நகரின் மேற்குப் பகுதியான நோற்ர்-டாம்-டு-கிறாசில் சில குடும்பங்கள் தலைமுறையாக அதை வளர்த்தன. நியூயோர்க், பொஸ்ரன் நகரங்களின் பெரிய ஹோட்டல்களில் துண்டு துண்டாக உயர்ந்த விலைக்கு விற்றார்கள். அதற்கு நிறைய எரு வேண்டும். குதிரைகளால் ஓடிய நகரத்தில் எருவுக்குக் குறைவில்லை. நகரம் தின்றது, நகரம் எரு கொடுத்தது, தோட்டம் நகரத்துக்கு அருகிலேயே இருந்தது. குதிரைகள் போனபின், தோட்டங்களின் மேல் வீடுகளும் விரைவுச்சாலையும் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பழம் அழிந்தது. 1996இல் அமெரிக்காவின் அயோவா மாநில விதை வங்கி ஒன்றில் அதன் விதை இருப்பதை ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடிக்க, தீவுக்கு மேற்கே உள்ள ஒரு பண்ணையில் மறுபடி முளைக்கவைத்தார்கள். விதை திரும்பி வந்துவிட்டது. அந்த எருவும், அந்தக் குடும்பங்களுக்குத் தெரிந்த கைப்பக்குவமும், அடுத்த தெருவிலேயே இருந்த வாங்குவோரும் விதையோடு சேர்ந்து வரவில்லை.

இந்தப் பழத்தின் கதையை வாசிக்கும்போது எனக்கு வலிகாமத்துச் செம்மண் நினைவில் வருவது இயல்பு. ஆறில்லாத குடாநாடு அது. சுண்ணாம்புப் பாறைக்கு மேல் மெல்லிய மண், பாறைக்குள் மழைநீர், அதை எடுக்கக் கிணறு. அந்த மண்ணை வளமாக வைத்திருந்தது யாரோ எழுதிய கொள்கை அல்ல. ஆண்டுதோறும் வேலி புதிதாக அடைக்கும்போது கழித்த பனையோலையைத் தோட்டத்தில் கிடங்கு வெட்டித் தாழ்த்தினார்கள். பூவரசங்குழையும் முருக்கங்குழையும் போட்டார்கள். புகையிலைத் தறைக்கு வன்னிப் பக்கத்திலிருந்தும் குழை வண்டிகளில் வந்தது. அறுவடை முடிந்த தறையில் ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். பட்டிக்காரனுக்குக் கூலி கொடுத்து இரவுக்கிரவு இடம் மாற்றிக் கட்டுவிப்பார்கள். வேலி, கூரை, ஆடு, தோட்டம் என்று தனித்தனியாக எதுவும் இருக்கவில்லை.

பிறகு யூரியா வந்தது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பலர் கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அந்தக் காசைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எங்கள் பலரின் படிப்பே அந்த வெங்காயத்தில் வந்தது. 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட, விலை சரிந்தது. உரம் மட்டும் நின்றது. இறைப்பு மெஷின் இழுத்துக் கொட்டிய தண்ணீரோடு நைதரசன் சுண்ணாம்புப் பாறை வழியே கிணற்றுக்கே திரும்பியது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. தோட்டத்துக்கு வாங்கிய சத்தைக் குழந்தை குடிக்கிற தண்ணீரில் காண்பதென்றால் அதற்கு மேல் என்ன எச்சரிக்கை வேண்டும்?

போர்க்காலத்தில் வடக்குக்கான பொருளாதாரத் தடையில் யூரியாவும் அடங்கியது. வெடிமருந்தாகிவிடும் என்றார்கள். சோப்பும் மண்ணெண்ணெயும் பற்றரியும் இல்லாத அந்த நாட்களில் எங்கள் சனம் மறுபடி குழை தாழ்த்தியது. அதைச் சிலர் இன்று இயற்கை விவசாயத்தின் பொற்காலமாகப் பேசுவதைக் கேட்கிறேன். என்னால் அதை ஏற்கமுடியவில்லை. முற்றுகைக்குள் பசியோடு செய்ததைத் தெரிவு என்று சொல்லக்கூடாது. தடை எடுபட்டதும் உரக்கடைக்கு முன்னால் வரிசை நின்றதில் வியப்பில்லை.

போர்க்காலத் தடைக்குப் பின் உரத்தை நிறுத்தும் இரண்டாவது கட்டளை 2021இல் முழுத் தீவுக்கும் வந்தது. பத்து ஆண்டுகளில் படிப்படியாக மாறுவோம் என்று 2019 தேர்தலில் சொன்ன அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கழுத்தை நெரித்த நேரம் அது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள், ஆனால் பெரும்போக விதைப்பு அதற்குள் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்து நெல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசி வாங்கியது.

அந்த ஆண்டின் சம்பவங்களில் என்னால் மறக்கமுடியாதது ‘ஹிப்போ ஸ்பிரிற்’ என்ற கப்பல். சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு அது இலங்கைக் கடலுக்கு வந்தது. மாதிரிகளில் பயிருக்குத் தீங்கான பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுகாப்பு அதிகாரிகள் கண்டு, இறக்க மறுத்தார்கள். கப்பல் வாரக்கணக்கில் சுற்றித் திரிந்தது. கடைசியில் பசளை இறங்காமலேயே இலங்கை 67 இலட்சம் அமெரிக்க டொலர் கட்டியது. பக்டீரியாவைப் பற்றிய வழக்கை விடுங்கள். கணக்கை மட்டும் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான் நைதரசன் என்று வைத்தால், அதே அளவுக்கு ஒன்றரைத் தொன் எரு வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. இப்படிப்பட்ட பொருளைச் சமுத்திரம் தாண்டிக் கொண்டுவந்து ஒரு நாட்டின் வயல்களை நிரப்பமுடியாது. எரு அருகிலிருந்துதான் வரவேண்டும். அருகில் ஆடும் மாடும் வேலியும் குழையும் இல்லாமற்போன பின், அவற்றை ஓர் அரச அறிவித்தல் ஒரே இரவில் உண்டாக்கித் தராது.

அப்படியென்றால் எது உண்டாக்கும்? இந்தக் கேள்விக்கு என்னால் ஏற்கமுடிந்த ஒரு பதிலை மொன்றியலில்தான் கண்டேன். 1970களில் யப்பானில், பூச்சிமருந்துக்குப் பயந்த தாய்மார் கமக்காரரோடு நேரடியாகச் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து கிளைத்த முறை இது. 1980களில் அமெரிக்காவுக்கு வந்து, 1990களின் நடுவில் கியூபெக்கில் ‘எக்கித்தேர்’ என்ற அமைப்பின் முயற்சியால் வேரூன்றியது. குடும்பக் கமக்காரர் வலையமைப்பு என்கிறார்கள். நிலம் பனிக்குக் கீழே கிடக்கும்போதே நீங்கள் ஒரு பண்ணையைத் தெரிந்து அந்தப் பருவத்துக்கான பணத்தைக் கட்டுகிறீர்கள். அந்தப் பணத்தில் அவர்கள் விதையும் டீசலும் வாங்குகிறார்கள். ஜூன் நடுவிலிருந்து ஒக்ரோபர் முடியும்வரை, உங்கள் பகுதியின் தேவாலய நிலவறையிலோ கோப்பிக் கடையிலோ பண்ணைக்காரர் இறக்கிவைக்கும் கூடையை எடுத்துக்கொள்கிறீர்கள். தக்காளி நன்றாக வந்தால் கூடை நிறையத் தக்காளி. கல்மழை கீரையை அடித்துவிட்டால் கீரை இல்லை, பணம் திரும்பாது. சான்றிதழ் உண்டு, சோதனை உண்டு. ‘பியோலொஜிக்’ என்ற சொல்லைக் கண்டபடி ஒட்ட கியூபெக் சட்டம் விடாது. என்னைக் கவர்ந்தது கல்மழையில் பங்கெடுப்பதுதான். சாப்பிடுகிறவர் நட்டத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே ஏற்கும்போதுதான், கமக்காரரால் மருந்தடிக்காமல் ஒரு வாரம் பொறுத்திருக்க முடிகிறது. யாழ்ப்பாணத்து வெங்காயக்காரரின் நட்டத்தில் ஒருநாளும் எவரும் பங்கெடுக்கவில்லை. அவரிடம் யூரியாவை விடச் சொல்ல எவருக்கு என்ன உரிமை இருந்தது?

இந்த நகரத்தில் வேறு வழிகளும் நடக்கின்றன. 2011இல் அஹன்ற்சிக் பகுதியில் ஒரு கட்டடக் கூரையில் கண்ணாடி வீடு கட்டிய லூஃபா பண்ணை, 2020இல் செயின்ற்-லோறனில் 15,000 சதுர மீற்றர் கூரையைத் தோட்டமாக்கியது. லெபனானில் பிறந்த முகமது ஹாஜ் தொடங்கியது அது. பெப்ரவரியில் உள்ளூர்த் தக்காளி கிடைப்பதை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே மண் இல்லை. சத்து கரைந்த நீரில் வேர் நிற்கிறது. மண்ணைப் பற்றிய கேள்விக்கு அது பதிலாகாது. 1995இல் தொடங்கிய சன்ற்ரோப்போல் றூலான் என்ற அமைப்பின் இளைஞர்கள், தங்கள் கூரையிலும் தீவின் மேற்கு முனையில் உள்ள பண்ணையிலும் விளைவித்ததைச் சமைத்து, வெளியே போகமுடியாத முதியவர்களுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அது என் மனதுக்கு நெருக்கமானது.

‘உள்ளூர்’ என்ற முத்திரைக்குள் மறைந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். தீவுக்குத் தெற்கே, செயின்ற்-றெமி, நாப்பியேவில் பக்கமாக உள்ள கருமண் வயல்களில்தான் கியூபெக்கின் கீரையும் கரட்டும் வெங்காயமும் பெருமளவில் விளைகின்றன. பழைய சதுப்பை வடித்தெடுத்த அந்தக் கருமண், காற்றுப்பட்டு உக்கியும் காற்றில் பறந்தும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் குறைகிறது. லாவால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரச்சிராயும் புல்லும் கலந்து அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அந்த வயல்களில் குனிந்து நிற்கும் முதுகுகள் பெரும்பாலும் குவாத்தமாலாக்காரருடையவை, மெக்சிக்கோக்காரருடையவை. 2020 வசந்தத்தில் தொற்றுநோயால் அவர்களின் விமானங்கள் தாமதித்தபோதுதான், உள்ளூர் உணவு எவ்வளவு தூரத்துக் கைகளில் தங்கியிருக்கிறது என்பது இந்த மாகாணத்துக்கு உறைத்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் கொள்கலன்கள் தேங்கின. 2021 ஏப்ரலிலும் 2024 நவம்பரிலும் துறைமுகம் மறுபடி நின்றது. தொழிலாளர் கேட்டது தங்கள் உரிமையை. அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். ஒரு வாயிலை மட்டும் நம்பியிருக்கும் நகரத்தைத்தான் எண்ணிப்பார்க்கிறேன்.

எங்கள் ஆட்களில் சிலரும் இந்த நகரத்துக்கு நீர்வழியாக வந்தவர்கள்தான். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழரில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களும், விமானத்தில் வந்த ஆயிரக்கணக்கானோரும் இந்த நகரத்து உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், வெங்காயம் உரித்தார்கள், பிறகு சமைத்தார்கள். மொன்றியல் சாப்பிட்டதில் எங்கள் கை இருக்கிறது. ஆனால் நாங்கள் சாப்பிடுவதோ முருங்கைக்காய், பாகற்காய், வாழைப்பூ என்று பெட்டி பெட்டியாக விமானத்தில் வருகிறது. அதில் என்ன அடித்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு ஊர்ச் சாப்பாடு கொடுத்தோம் என்ற நிறைவு கேள்வியை மூடிவிடுகிறது.

ஊர்ச் சாப்பாட்டுக்கு இங்கேயே வழி உண்டென்பதைக் காட்டுகிறவர்கள் எங்கள் ஆச்சிமார். பார்க் எக்ஸ்ரென்ஷன் பின்வளவுகளில் கிரேக்கர் முந்திரிக்கொடி படரவிட்டார்கள். நகரின் வடக்கே இத்தாலியர் குளிர்காலத்துக்கு முன் அத்திமரத்தை வளைத்து மண்ணுக்குள் புதைத்து வசந்தத்தில் நிமிர்த்தினார்கள். அவர்களுக்குப் பின் வந்த எங்கள் ஆச்சிமார் கறிவேப்பிலைச் சாடியை உறைபனிக்கு முன் உள்ளே தூக்குகிறார்கள். 1975இல் தொடங்கிய மாநகரசபைச் சமூகத் தோட்டங்கள் இன்று ஏறத்தாழ நூறு. அவற்றில் இரசாயன மருந்துக்கு இடமில்லை. பழைய தொழிற்சாலை நிலங்களில் இருந்த சில தோட்டங்களில் பாரஉலோகம் கண்டு, 2000களில் மூடி மண்ணை மாற்றினார்கள். அங்கே ஒரு துண்டு கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். கிடைத்தவர்கள் மே நடுவில் கத்தரியும் மிளகாயும் பயற்றையும் வைத்து, ஒக்ரோபர் தொடக்கத்து உறைபனிக்குள் எடுத்துவிடுகிறார்கள். ஐந்து மாதம் போதாது என்று ஆச்சிமார் சொல்லி நான் கேட்டதில்லை.

கூடைப் பண்ணைகளின் பங்காளிகளில் எங்களைக் காண்பது அரிது. விலை ஒரு காரணம். பருவத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்ட எல்லாரிடமும் இருப்பதில்லை. கூடையில் வரும் கேலையும் ரூபாபையும் என்ன செய்வதென்று தெரியாதது இன்னொன்று. இரண்டும் தீர்க்கக்கூடியவை. கோயில்களிலும் ஊர்ச் சங்கங்களிலும் அன்னதானத்துக்கும் ஒன்றுகூடலுக்கும் நாங்கள் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை இப்படி முன்பணமாக வைக்கலாம். இல்லாதவர்கள் மாதம் மாதம் கட்டட்டும். கோயில் மண்டபத்தின் ஒரு மூலை கூடை இறக்கப் போதும்.

இந்தப் பனிக்காலத்தில், தீவுக்குத் தெற்கே உள்ள மொந்தெரேஜியில் சான்றிதழ் பெற்ற பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் இதைப் பேசினேன். வெண்டி, கத்தரி, பயற்றை மூன்றையும் கூடாரத்துக்குள் வைக்கலாம் என்றார்; பாகலுக்கு உயரப் பந்தல் வேண்டும், அதை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். விதைக்குச் சொல்லிவைக்க வேண்டியது ஜனவரியில், ஆகவே எத்தனை குடும்பம் என்பது அதற்கு முன் தெரியவேண்டும். பெயர் சேர்க்கப் போன இடத்தில் பணத்தைப் பற்றியோ சான்றிதழைப் பற்றியோ முதலில் எவரும் கேட்கவில்லை.

“தம்பி, அந்தப் பிள்ளை வெண்டிக்காயை முத்த முன்னம் ஆய்வாவோ?” என்றார் ஓர் ஆச்சி.

“அது அவவுக்குத் தெரியாது ஆச்சி. நீங்கள் ஒருக்கா வந்து காட்டவேணும்.”

“எப்ப போறது?”

ஜூலை நடுவில் என்றேன். பெயரோடு தன் மகளின் தொலைபேசி எண்ணையும் எழுதச் சொன்னார்.